நாலு எட்டுத் தொலைவு

தோலுறையின் பொத்தான் எப்போதோ உதிர்ந்துபோய், அந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. அந்த அம்மா ஊக்கைக் கழற்றித் தன் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டார். பிறகு கேமராவை எடுத்து நீட்டினார். “கனமா இருக்கும், ரெண்டு கையாலயும் வாங்கிக்குங்க தம்பி.”

கனமாகத்தான் இருந்தது. 2021ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நெய்வேலி நகரியத்துக்கு வெளியே, ஓய்வுபெற்றவர்கள் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட தெரு அது. வாசலில் செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது; வேலிக்கு அப்பால் முந்திரித் தோப்பு. அவருடைய கணவர் அனல்மின் நிலையத்தில் பொறியாளராக இருந்தவர். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. 1962இல் அதன் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அந்த நாட்களில் அங்கிருந்து வல்லுநர்கள் வந்து இங்கே குடியிருந்தார்கள், இங்கிருந்து சிலர் பயிற்சிக்காக அங்கே போனார்கள். அப்படிப் போய்த் திரும்பியபோது அவர் கொண்டுவந்த கேமரா இது. வீட்டில் அதற்கு ‘ரஷ்யா கேமரா’ என்று பெயர்.

முகப்பில் ரஷ்ய லிபியில் மூன்று எழுத்துகள். அதை ஃபெட் என்று படிக்க வேண்டும். 1955 முதல் 1970 வரை தயாரான ஃபெட்-2 என்ற மாதிரி அது. பேட்டரி கிடையாது, ஒளியை அளக்கும் கருவி கிடையாது. பித்தளையும் அலுமினியமும் துணியும் கண்ணாடியும் மட்டும். லென்ஸ் 50 மில்லிமீட்டர். மேல்தட்டின் ஒரு மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நசுங்கல் இருந்தது. அதை நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. அறுபது வருஷப் பொருளில் ஒரு நசுங்கல் இருக்கத்தானே செய்யும்.

மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். அந்த அம்மா எண்ணாமல் வாங்கி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு, கேமராவைப் பிரிவதற்கு முன் அதைப் பற்றி ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்தவரைப் போலச் சொன்னார்: “எங்களையெல்லாம் வாசப்படியில நிக்க வெப்பார். எங்க காலடியிலேருந்து நாலு எட்டு வெச்சு அந்தாண்ட போவார். பசங்க சத்தமா எண்ணுவாங்க, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. நாலுல நின்னு திரும்புவார். அசையக் கூடாது.”

ஒரு மனிதரின் சிறிய வழக்கம் என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊக்கையும் மறக்காமல் திரும்பக் கொடுத்தார்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை நான் தேடியதற்குக் காரணம் ஏக்கமல்ல. என் சிறுவயதில் எங்கள் வீட்டில் கேமராவே இருந்ததில்லை, ஏங்குவதற்கு ஒன்றுமில்லை. அது பார்க்கும் விதம்தான் என்னை இழுத்தது. ஸ்டூடியோக்காரர்களிடம் நாம் அதிகம் பார்த்த எஸ்.எல்.ஆர். கேமராவில், லென்ஸ் காண்பதை ஒரு கண்ணாடி திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி எழும்பிவிடும். எந்தக் கணத்தைப் படமெடுக்கிறோமோ அந்தக் கணத்தில் மட்டும் நமக்கு இருட்டு. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் தன் வழியில் பார்க்கிறது, நாம் பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். ஷட்டர் திறந்து மூடும்போதும் எதிரே இருப்பவரின் முகம் நம்மைவிட்டு மறைவதில்லை.

ஆனால் அந்த ஜன்னலில் எல்லாமே தெளிவாகத் தெரியும். அருகில் இருக்கும் விரலும் தெளிவு, தூரத்துப் பனைமரமும் தெளிவு. லென்ஸ் எதைத் தெளிவாகப் பதியப்போகிறது என்பதை ஜன்னல் சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் இரண்டாவது ஜன்னல். கேமராவின் நெற்றியில் இரண்டு கண்கள்போல இரண்டு சிறு திறப்புகள். இரண்டும் காணும் காட்சிகள் உள்ளே ஒரு அரைக்கண்ணாடியில் சந்திக்கின்றன. பார்வையின் நடுவே மங்கலான மஞ்சள் வட்டம். அதற்குள் எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருகினால் உள்ளே ஒரு நெம்புகோல் நகரும், அதோடு இரண்டாவது உருவமும் நகரும். இரண்டு பேரும் ஒருவராகும் இடத்தில் வளையத்தை நிறுத்தினால், வளையத்தில் எழுதியிருக்கும் எண்தான் உங்களுக்கும் அவருக்கும் உள்ள தொலைவு.

நில அளவைக்காரர்கள் ஆற்றைக் கடக்காமலே அதன் அகலத்தை அளக்கும் அதே முக்கோணக் கணக்குத்தான். அந்த முக்கோணத்தின் அடிப்பக்கம் எவ்வளவு அகலமோ அவ்வளவு துல்லியம். பின்னர் வந்த ஸோர்க்கி-4 கேமராவில் இரண்டு கண்களுக்கும் இடைவெளி 38 மில்லிமீட்டர்தான். ஃபெட்-2இல் 67. மனிதரின் இரண்டு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளில் கேமராவை நேராக என் முகத்துக்கு முன் நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையதைப் போன்ற ஒரு பார்வை என்னைப் பார்த்தது.

முதல் ரோல் வீணாயிற்று. சிலவற்றில் முகம் மங்கி, பின்னாலிருந்த சுவர் கல் கல்லாகத் தெளிந்திருந்தது. எல்லாப் படங்களிலும் பகல் வானத்தில் நட்சத்திரம்போல வெள்ளைப் புள்ளிகள். சென்னையில் அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஷட்டரைத் திறந்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். “துணி ஓட்டை விழுந்திருக்கு.” ரப்பர் பூசிய பட்டுத்துணி அது. வயதானால் மடிப்புகளில் ஊசிமுனைத் துளைகள் விடும். உள்ளே கிரீஸ் கட்டியாகிவிட்டதால் ஷட்டர் சோம்பி ஓடுகிறது என்றார். சோவியத் கேமராக்களில் இது எல்லோரும் அறிந்த நோய். அதற்கு அவர் அதிர்ச்சியடையவில்லை.

பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். கேமராவைக் கண்ணில் வைத்து, வளையத்தை முடிவிலிக்குத் திருகி, எல்.ஐ.சி. கட்டிடத்தின் உச்சியைப் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். முடிவிலியில் இரண்டு உருவங்களும் ஒன்றியிருக்க வேண்டும். எனக்கு இரண்டு எல்.ஐ.சி. தெரிந்தது.

“இது இன்னிக்கு நேத்து ஆனதில்ல சார். இங்க அடி பட்டிருக்கு பாருங்க.” நசுங்கிய மூலையைத் தொட்டுக் காட்டினார். “உள்ள திருகு மேல ஃபேக்டரில வெச்ச அரக்கு அப்படியே இருக்கு. அடி பட்டதுக்கப்புறம் யாரும் இதத் தொடவே இல்ல.”

அப்படியானால் அந்தப் பொறியாளர் எப்படிப் படமெடுத்தார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. நாலு எட்டு.

அன்று பேருந்தில் திரும்பும்போது காகிதத்தில் கணக்குப் போட்டேன். சராசரி மனிதரின் ஓர் எட்டு முக்கால் மீட்டர். நாலு எட்டு மூன்று மீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8இல் மூன்று மீட்டருக்கு வைத்தால், ஏறத்தாழ 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். நாலு எட்டும் சேர்ந்து ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. லென்ஸின் கழுத்திலேயே அந்த அளவுகோல் செதுக்கப்பட்டிருக்கிறது. கேமராவின் கண் பிசகியதும் அவர் அதை நம்புவதை நிறுத்திவிட்டுத் தன் காலை நம்பத் தொடங்கியிருக்கிறார்.

கேமரா சென்னையில் இருந்த மாதங்களில்தான் அது பிறந்த ஊரைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த மூன்று எழுத்துகள் கனத்துக்கொண்டே வந்தன. என் தலைமுறைக்கு சோவியத் நாடு என்பது நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சில ரூபாய்க்குக் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களின் பனியும் அடுப்பும் ரொட்டியும் எனக்குத் தெரியும். கார்கிவ் தெரியாது.

புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் முடிந்தபோது அந்த நாட்டின் தெருக்களிலும் ரயில் நிலையங்களிலும் லட்சக்கணக்கான அநாதைப் பிள்ளைகள் அலைந்துகொண்டிருந்தார்கள். 1927இன் இறுதியில் உக்ரைனின் கார்கிவ் நகரில் அவர்களுக்காக ஒரு கம்யூன் தொடங்கப்பட்டது. அன்தோன் மகாரென்கோ என்ற ஆசிரியர் அதை நடத்தினார். பிள்ளைகள் பாதி நாள் படித்தார்கள், பாதி நாள் பட்டறையில் வேலை செய்தார்கள். முதலில் மேசை நாற்காலி, அடுத்து மின்துளைக் கருவி, அதன் பிறகு கேமரா. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனம் 1932இல்தான் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டரை வைத்து லைக்கா-2 மாதிரியை வெளியிட்டிருந்தது. அதே ஆண்டின் முடிவில் கார்கிவ் பட்டறையில் லைக்காவின் முதல் நகல்கள் உருவாயின; 1934இல் தொடர் உற்பத்தி தொடங்கியது. திருடித் தின்று வளர்ந்த பதினாறு பதினேழு வயது விரல்கள், உலகத்தின் மிக நுட்பமான இயந்திரங்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்து மறுபடியும் செய்தன. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் அந்தக் கம்யூனுக்கும் கேமராவுக்கும் வைத்த பெயர் யாருடையது? ஃபெலிக்ஸ் எத்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி. ரஷ்ய லிபியில் அவருடைய முதலெழுத்துகள்தான் ஃபெட். சேக்கா என்ற ரகசியக் காவல் அமைப்பைத் தோற்றுவித்தவர் அவர். கம்யூனைத் தாங்கியதும் அதன் வழிவந்த அமைப்புதான். பிள்ளைகளுக்குக் கூரையும் தொழிலும் கொடுத்த கையும், நள்ளிரவில் கதவைத் தட்டிய கையும் ஒன்று.

இன்னொன்றையும் படித்தேன். 1933இல் உக்ரைனைப் பெரும்பஞ்சம் தின்றுகொண்டிருந்தது. கிராமங்களிலிருந்து தானியம் பறிக்கப்பட்டது. உணவு தேடிக் கார்கிவுக்கு வந்தவர்கள் நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். அலெக்சாண்டர் வீனர்பெர்கர் என்ற ஆஸ்திரிய வேதியியல் பொறியாளர் அப்போது அந்த நகரில் வேலை பார்த்துவந்தார். அவர் ஒரு லைக்காவால் அவர்களை ரகசியமாகப் படமெடுத்தார். நெகட்டிவ்கள் ஆஸ்திரியத் தூதரகத் தபாலில் எல்லை கடந்தன. அந்தப் பஞ்சத்துக்கு இன்று நமக்கிருக்கும் மிகச் சில புகைப்படச் சாட்சிகளில் அவை முக்கியமானவை. நகரத்தின் ஓரிடத்தில் அநாதைப் பிள்ளைகள் லைக்காவைப் பார்த்து ஒரு கேமரா செய்யக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நகரத்தின் தெருவில், இறந்துகொண்டிருந்தவர்களுக்கு முன்னால் ஒரு லைக்கா திறந்து மூடியது. கேமராவை விரும்புகிறவன் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. வீனர்பெர்கரின் படங்கள் சிலவற்றில் தொலைவு சற்று அதிகம். நின்று அளக்க அவகாசம் இல்லாத ஒருவரின் தொலைவு அது. அந்தத் தொலைவை நான் மதிக்கிறேன்.

1941இல் ஜெர்மானியர் நெருங்கியபோது தொழிற்சாலை சைபீரியாவுக்குப் பெயர்க்கப்பட்டது. போருக்குப் பிறகு கார்கிவில் மறுபடியும் கேமரா தயாரானது. நெய்வேலிக்காரர் வாங்கியது அந்த இரண்டாம் பிறவியில் பிறந்தது.

கேமரா என் கைக்கு வந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள், 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. கார்கிவ் எல்லையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் மெட்ரோ நிலையங்களின் தரையில் போர்வை விரித்துப் படுத்திருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடலூர் மாவட்டத்திலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காத வீடுகள் இருந்தன. அந்த வாரத்தில் நெய்வேலி அம்மாவுக்குப் போன் செய்தபோது, அது ரஷ்யா கேமரா இல்லை, இப்போது குண்டு விழுகிற ஊரில் செய்தது என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. “அப்ப ரெண்டும் ஒண்ணாத்தானே தம்பி இருந்துச்சு?” என்றார்.

சித்திரையில் கேமரா திரும்பி வந்தது. துணி மாற்றி, கழுவி, புது எண்ணெய் தொட்டு, முடிவிலியில் ஒரே ஒரு எல்.ஐ.சி. தெரியும்படி திருகைச் சரிசெய்து கொடுத்திருந்தார் பெரியவர். திருகின் மேல் புதிதாக அரக்கு. “முதல்ல திருகி ஏத்துங்க, அப்புறம்தான் வேகத்த மாத்தணும். மாத்தி செஞ்சீங்கன்னா இதுக்குக் கோவம் வரும்” என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே குமிழைச் சுற்ற வேண்டும். வேகத்தைக் காட்டும் சக்கரம் ஷட்டரோடு சேர்ந்து தானும் சுழலும், விரல் பட்டுவிடக் கூடாது. வேகம் 30, 60, 125, 250, 500. அவ்வளவுதான்.

ஃபிலிம் நிதானத்தைக் கற்றுத்தருகிறது என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிதானமாகக்கூட எத்தனையோ மோசமான படங்களை எடுத்துவிட முடியும். இந்தக் கேமரா எனக்குக் கற்றுக்கொடுத்தது தொலைவு. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் அது என்னைக் கேட்பது ஒரே கேள்வி: நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய்? ஜூம் லென்ஸ் இந்தக் கேள்வியை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. நின்ற இடத்திலிருந்தே எட்டாததை எட்டிவிடலாம். போன் அந்தக் கேள்வி இருந்ததையே மறைத்துவிட்டது. இங்கே நானே நடக்க வேண்டும்.

தமிழில் தொலைவுக்கு உடம்பின் அளவுகள்தான் இருந்தன. சாண், முழம், பாகம். அதற்கு மேல் குரலின் அளவு, கூப்பிடு தூரம். ‘எட்டு’ என்ற சொல்லை நான் அதிகம் யோசித்ததில்லை. எட்டு என்றால் காலடி. எட்டுவது என்றால் போய்த் தொடுவது. எட்டிப் பார்ப்பது என்றால் உடம்பை நீட்டிப் பார்ப்பது. காலும் கையும் கண்ணும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பேருந்து நிறுத்தத்தில், டீக்கடையில், எதிரே நிற்பவரைப் பார்த்து மனத்துக்குள் ஒரு எண் சொல்லிப் பார்ப்பேன். இரண்டரை மீட்டர். பிறகு கேமராவை உயர்த்தி இரண்டு உருவங்களையும் ஒன்றாக்கி வளையத்தைப் பார்ப்பேன். ஆறு மாதத்தில் ஒரு சாண் பிசகுக்குள் சொல்ல முடிந்தது. அப்போது இன்னொன்றும் தெரிந்தது. யாரிடம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்பது என்னைப் பற்றி நிறையச் சொல்கிறது. டீக்கடைக்காரரிடம் இரண்டு மீட்டர். என் தம்பியிடம், ஒரு சொத்துப் பேச்சுக்குப் பிறகு, எப்போதும் நான்கு. அம்மாவிடம் ஒன்றுக்கும் குறைவு. அதற்குள் இந்த லென்ஸால் பார்க்க முடியாது. ஒரு மீட்டர் அதன் எல்லை.

இந்தக் கேமராக்களின் மூத்த அண்ணன் நெய்வேலிக்குப் பக்கத்திலேயே ஒருமுறை வந்திருக்கிறது. 1932 வாக்கில் லைக்காவைக் கையிலெடுத்த ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், 1948 ஜனவரி 30 அன்று காந்தியை அவர் சுடப்படுவதற்குச் சற்று முன்பு படமெடுத்தவர், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணர் நோயோடு படுத்திருந்த கடைசி நாட்களில் அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. 14ஆம் தேதி இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது, ஒளிவால் நீண்ட விண்மீன் ஒன்று மலையை நோக்கி மெதுவாக நகர்ந்ததைக் கண்டதாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்ததாகவும் அவர் சொன்னார். அந்த நோய்ப்படுக்கைப் படங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படுத்திருப்பவரின் ஓய்வைக் குலைக்காத ஓரிடம் அந்த அறையில் ஒன்றே ஒன்று இருந்திருக்கும். அவர் அதைக் கண்டுபிடித்திருக்கிறார். அது எத்தனை மீட்டர் என்று அவருடைய விரலுக்குத் தெரிந்திருக்கும்.

ஒளியை அளப்பது இதைவிட எளிது. நம் ஊர் வெயில் ஏமாற்றாது. 100 வேக ஃபிலிமுக்கு உச்சி வெயிலில் எஃப் 11, ஷட்டர் 250. மேகம் மூடினால் ஒன்றோ இரண்டோ படி திற. தாழ்வாரத்துக்குள் வந்தால் இன்னும் இரண்டு. கழுவுவதுதான் கஷ்டம். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கடலூரில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் வருவது 32 டிகிரி. ஒரு வாளியில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதற்குள் டெவலப்பர் பாட்டிலை நிறுத்திக் குளிரவைத்து, குளியலறைத் தரையில் உட்கார்ந்து கழுவுகிறேன். ஈரமான நெகட்டிவைத் தூக்கி விளக்கின் முன் பிடிக்கும் அந்த நிமிஷத்துக்காக எத்தனை ஐஸ் கட்டியும் வாங்கலாம்.

தோலுறையோடு அந்த அம்மா ஒரு காலி டப்பாவையும் கொடுத்திருந்தார். ‘இந்து’ என்று எழுதியிருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ஃபிலிம். 1960இல் அரசு தொடங்கிய நிறுவனம் அது. 1967இலிருந்து ஃபிலிம் வந்தது. மலையின் குளிரும் தூசியற்ற காற்றும் ஃபிலிம் பூசுவதற்கு உகந்தவை என்று அங்கே வைத்தார்கள். நாட்டின் எக்ஸ்-ரேக்களில் பெரும்பங்கு ஒரு காலத்தில் அந்த ஃபிலிமில் விழுந்தது. இப்போது அது மூடிக் கிடக்கிறது. இன்று நான் வாங்கும் ஒவ்வொரு ரோலும் கடல் தாண்டி வருகிறது. ஊட்டியில் ஃபிலிம், கார்கிவில் கேமரா, நெய்வேலியில் ஒரு குடும்பம். இவை மூன்றும் ஒரு வாசற்படியில் சந்தித்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

ஐப்பசியில், நன்றாக வந்த பத்துப் பிரிண்டுகளை எடுத்துக்கொண்டு நெய்வேலிக்குப் போனேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கருப்புத்தாள், மூலைகளில் ஒட்டிய முக்கோணங்கள்.

முதல் பக்கங்களில் அவர் புதுப்பெண். சுண்ணாம்புச் சுவருக்கு முன் முகம் மட்டும். கன்னத்தின் மென்மயிர்கூடத் தெரிகிறது. பொங்கல் பானையை நோக்கிக் குனிந்த நெற்றி. பிறந்த குழந்தையின் மூடிய கை. பால்பல் விழுந்த சிறுவன் வாயைத் திறந்து காட்டுகிறான். முதலில் கண்ணில் படுவது அந்த வாய்தான். யாரோ ஒருவர் தான் நேசிப்பவர்களிடம் எவ்வளவு அருகே போக முடியுமோ அவ்வளவு அருகே போயிருந்தார்.

ஒரு பக்கம் திருப்பினேன். எல்லோரும் எட்டப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாப் படங்களிலும் அதே வாசற்படி, அதே கதவு. தலையிலிருந்து கால்வரை எல்லோரும் நிற்கிறார்கள். புதுச் சீருடை, புது ஸ்கூட்டர், கையில் மாலையோடு வந்த மருமகன். ஆட்கள் வளர்கிறார்கள், தொலைவு மாறவில்லை. முகங்கள் விரல் நகத்தைவிடச் சிறியவை. கலர் கேமரா ஒன்று வீட்டுக்கு வந்து சேரும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம். ஒரு மீட்டரில் எஃப் 8 வைத்தால் தெளிவுக்குக் கிடைக்கும் ஆழம் மொத்தமே ஒரு சாணுக்கும் குறைவு. கண் பிசகிய கேமராவால், அசைகிற பிள்ளைகளை அங்கே பிடிக்க முடியாது. உள்ளே ஒரு திருகு மயிரிழை நகர்ந்ததற்கு ஒரு குடும்பம் இருபது வருஷம் நாலு எட்டுத் தள்ளி நின்றிருக்கிறது.

“இங்கேருந்து ஏன் கிட்ட எடுக்கவே இல்ல?” என்று கேட்டேன்.

“கிட்ட வந்தா தெளிவா விழாதுன்னார். கேமராவே அப்படித்தான்னு நெனச்சேன்.” பக்கத்தைத் தடவினார். “அப்பதான் பெரியவன் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியிலேருந்து அத எடுத்துக் கீழ போட்டுட்டான். ஏழு வயசு. பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான். அவர் ஒண்ணுமே சொல்லல. கேமராவுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவனக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த நாளே எங்களையெல்லாம் வாசல்ல நிக்க வெச்சு, பெரியவனத்தான் எண்ணச் சொன்னார்.”

“மெட்ராஸ்ல குடுத்து சரி பண்ணலாம்னு தோணலியா?”

“குடுத்தா கெட்டுப்போச்சுன்னு பையனுக்குத் தெரிஞ்சுடுமே தம்பி.”

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். எழுந்து, தலைமுடியை உள்ளங்கையால் ஒதுக்கிக்கொண்டு நேரே வாசற்படிக்குப் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. படியின் வலது ஓரத்தில், கதவு நிலைக்கு ஒரு முழம் தள்ளி, கையை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். ஆல்பத்தில் நிற்கும் அதே இடம். நான் அவர் காலடியிலிருந்து எட்டு வைத்துப் போனேன். நாலில் திரும்பி, வளையத்தை மூன்றில் வைத்துக்கொண்டு கேமராவை உயர்த்தினேன். மஞ்சள் வட்டத்துக்குள் அவர் ஒருவராகவே இருந்தார். எடுத்தேன்.

பிறகு அருகே போனேன். மூன்று எட்டு. அவர் நகரவில்லை, ஆனால் கோத்த கைகள் பிரிந்து புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டன. “இவ்ளோ கிட்டயா?” என்றார்.

“இப்ப விழும்மா. சரி பண்ணியாச்சு.”

ஜன்னல் லென்ஸுக்குச் சற்று மேலே இருப்பதால் இத்தனை அருகில் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட வேண்டும். விட்டேன். வட்டத்துக்குள் இரண்டு மூக்குத்திகள் தெரிந்தன, இரண்டிலும் மாலை வெயில். வளையத்தைத் திருகினேன். ஒளிப்புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. வளையம் ஒரு மீட்டரில் முட்டி நின்றது. புள்ளிகள் இன்னும் சேரவில்லை, எள்ளளவு இடைவெளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், அரை எட்டுக்கும் குறைவாகப் பின்னால் சாய்ந்தேன்.

சேர்ந்தன.